ஒட்டாத சி.இ. முத்திரை

"உள்ள வராதீங்க. அங்கேயே நில்லுங்க."

சோதனை அறையின் கண்ணாடிக் கதவை உள்ளே தாழிட்டாள் தேவயானி. வெளியே நின்ற மணிவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. பெரம்பலூரில் கணவனும் மனைவியுமாக நடத்தும் கம்பெனி அது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டிகளைச் செய்து ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். சரக்கு ஏற்ற வந்த லாரி வாசலில் நின்றது.

"கட்டுன புருஷனையே வெளிய நிறுத்துறியா? கதவத் தொற. ஐரோப்பாக்காரன் கேக்குற சி.இ. முத்திரைய ஒட்டி ஏத்தி விடணும். டிரைவர் அவசரப்படுறான்."

"ஒட்ட முடியாதுங்க."

"இத்தன வருசமா இதே பெட்டிதான் போவுது. யாராச்சும் ஒரு கேள்வி கேட்டானா?"

"அப்ப மெஷின் செய்யிற கம்பெனிக்குப் போச்சு. அவங்க மெஷினுக்குள்ள மாட்டி, மொத்தமா சோதிச்சுதான் வித்தாங்க. இப்ப கடை வழியா நேரா வூட்டுக்குப் போவுது. இதிலேருந்து வர்ற மின் இரைச்சல் பக்கத்துல இருக்குற கருவியக் கெடுக்காதுன்னு நாமதான் உறுதி சொல்லணும். அந்த முத்திரைக்கு அதாங்க அர்த்தம்."

"என்னத்தக் கெடுக்கும்? ரேடியோ கொரகொரங்கும். இதுக்குப் போயி ஆர்டர விட்டுடுவியா?"

தேவயானி அளவுக் கருவியின் பக்கம் திரும்பினாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பச்சைக் கோடு எல்லையைத் தாண்டி எகிறி எகிறி விழுந்தது. அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா அரியலூர் யூனிட்ட மூட வேண்டியதுதான். அங்க வேல பாக்குற பொண்ணுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"இரைச்சல வடிகட்டுற ஃபில்டர் போட்டா சரியாயிடும். கொஞ்சம் டைம் கேப்போம். அளந்து முடிச்சிட்டுச் சொல்றேன், தள்ளிப் போங்க."

"எங்கயோ எழுதி வெச்ச சட்டத்துக்கு இவ்வளவு பயமா?" மணிவேல் கதவைப் பிடித்து உலுக்கினான். மேல் தாழ்ப்பாள் ஆட்டம் கண்டது.

"தள்ளிப் போங்கன்னு சொல்றேன்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அப்படி ஒரு குரலை அவன் கேட்டதில்லை. தன்னையறியாமல் பின்னுக்கு நகர்ந்தான்.

தேவயானி பெட்டியை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். திரையில் கோடு முழுக்க அடங்கியதைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"அன்னைக்கு இந்த மேசைக்கிட்ட மயங்கி விழுந்தீங்களே. காலையில சாப்பிடாததாலன்னு நெனச்சோம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"திருச்சி டாக்டர் இப்பதான் போன் பண்ணாருங்க. இந்தப் பெட்டியோட இரைச்சல இதயத் துடிப்புன்னு எடுத்துக்கிட்டு, உங்க நெஞ்சுக்குள்ள வெச்ச பேஸ்மேக்கர் கொஞ்ச நேரம் வேல செய்யாம நின்னுடுச்சாம்."