பக்கோடாவுக்கு முதல் துண்டு

என் உடம்பில் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்களுக்கு ரோஷம் ஜாஸ்தி. கிருமியை அடிப்பதோடு நிற்காமல், ஒற்றைப் பூனை முடி வந்தாலும் உலகப்போர் தொடுத்துவிடும். நான் தும்மினால் மூன்றாம் மாடியில் காயும் வேட்டி ஏழாம் மாடிக்குப் போய்விடும்.

என் ஒரே மகள் நிரஞ்சனாவோ, "பக்கோடா இல்லாம பிரசவத்துக்கு வரமாட்டேம்ப்பா" என்றுவிட்டாள். பக்கோடா, அவள் பூனை.

இப்போதுதான் செல்களோடு பேசும் வில்லை வந்துவிட்டதே! காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, வருவது நமக்கு என்ன உறவு என்று சொன்னால் போதும். செல்கள் அதற்கேற்ப நடந்துகொள்ளும். பூனை முடியை மூக்கருகே பிடித்து, "இவர் நம்ம சம்பந்தி" என்றேன். அடுத்து வந்த தும்மலில் ஜன்னல் கதவே கழன்றது.

என் மனைவி கோமளா தலையில் அடித்துக்கொண்டாள். "சம்பந்தின்னா சண்டை வராதா? மாப்பிள்ளைன்னு சொல்லுங்க. என்ன பண்ணினாலும் பொறுத்துப்போம்."

சொன்னேன். தும்மல் கப்சிப்!

நிரஞ்சனா வந்தாள். பக்கோடா என் மடியில் ஏறி, வாலால் மூக்கைத் துடைத்தது. ஒன்றுமே ஆகவில்லை. பின்னாலேயே பெட்டியோடு செழியன் நுழைந்தார்.

"வாங்க மாப்பிள்ளை!" என்றேன். அவ்வளவுதான், என் தும்மலில் அவர் கண்ணாடி தெருமுனைக்குப் பறந்தது. ஒரு மகளுக்கு இரண்டு மாப்பிள்ளையா? செல்கள் ஆள்மாறாட்டம் என்று முடிவுகட்டிவிட்டன.

"செழியனை மகன்னு சொல்லிடுங்க" என்றாள் கோமளா.

சொன்னேன். தும்மல் நின்றது. அன்றிலிருந்து அவன் எனக்கு 'வாடா, போடா'தான். மீன் குழம்பில் முதல் துண்டு பக்கோடாவுக்கு.