மூன்று மணி லிஃப்ட்

“நக்வா, பயப்படாதே. மூச்சை மெதுவா இழுத்து விடு.”

ஐந்தாம் மாடியில் லிஃப்ட் கதவோடு வாயை ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னான் ரவூஃப். கீழே மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், இருட்டில் அவன் மனைவி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் நல்லாத்தான் இருக்கேன். நீ போய்ப் பிள்ளைங்களைப் பாரு,” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

இது நான்காவது நாள். அந்தக் கோடையில் கெய்ரோவில் அவர்கள் தெருவுக்கு மின்வெட்டு மதியம் மூன்றிலிருந்து நான்குவரை. மூன்று மணி நெருங்கினால் அவர்கள் ஷுப்ரா பேட்டையில் சின்னப் பிள்ளைகூட லிஃப்டில் ஏறாது. நக்வா மட்டும் தினமும் ரொட்டி, புதினா என்று எதையாவது வாங்க இரண்டே முக்காலுக்கு இறங்கிப் போய், திரும்பும்போது சரியாக மாட்டிக்கொண்டாள். இருட்டென்றால் அவளுக்குப் பயம் வேறு.

“அப்பா, இப்ப என்ன பண்றது?” வாசலில் ஆறு வயது ஃபரீதா நின்றாள். காலையிலிருந்து இதை எத்தனை தடவை கேட்டாள் என்று ரவூஃப் எண்ணுவதை விட்டிருந்தான்.

“ஒளிஞ்சு விளையாடலாமே.”

“அதான் விளையாடிட்டோமே.”

“எப்போ?”

“நீ அம்பது எண்ணுறேன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டியே, அப்போ.”

வீட்டுக்குள் மின்விசிறி நின்று, இணையமும் நின்று, காற்று அடுப்பு மாதிரி இருந்தது. பன்னிரண்டு வயது லுஜைன் கூடத்துத் தரையில் கை கால்களை விரித்துக் கிடந்தாள். “என் கூட படிக்கிறவங்க எல்லாம் கடல்ல மிதக்கிறாங்க. நான் தரையில மிதக்கிறேன்,” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

“கடல் வேணும்னுதான் நான் ஏற்பாடு பண்ணியிருக்கேன்,” என்றான் ஒன்பது வயது அத்ஹம். அவன் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ரவூஃப் ஓடிப் பார்த்தான். குளியல் தொட்டி நிரம்பி, தாழ்வாரத்துக் கம்பளம்வரை கடல் வந்துவிட்டிருந்தது.

துடைக்கத் துணி தேடி அலமாரியைத் திறந்தான். உள்ளே, நக்வா தேய்த்து அடுக்கிய சட்டைகளின் மேல் பாதி தின்ற தர்பூசணித் துண்டு ஒன்று இருந்தது. “அது நான் ஒளிஞ்ச இடம். பசிச்சுச்சு,” என்றாள் ஃபரீதா.

ரவூஃபுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பள்ளி விடுமுறை முடிய இன்னும் ஏழு வாரம். மூன்று பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்வதில் அப்படி என்ன கஷ்டம், பத்து நாள் நான் லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறேன், நீ காலை நீட்டி உட்கார் என்று நக்வாவிடம் மார்தட்டியவன் அவன்தான். அன்றைக்கே, கத்தரிக்கோல் எங்கே நக்வா, இவ ஏன் அழறா நக்வா, கொஞ்சம் வந்துட்டுப் போ நக்வா என்று நூறு தடவை கூப்பிட்டவனும் அவன்தான். இந்த ஒரு மணி நேரம்தான் கூப்பிட முடியாத நேரம். அது அவனைக் கொன்றது.

மீண்டும் லிஃப்டிடம் ஓடினான். உள்ளேயிருந்து முணுமுணுப்பு கேட்டது. பயத்தில் குர்ஆன் வசனம் ஓதுகிறாள் போலிருக்கிறது. ரவூஃபின் கண் கலங்கிவிட்டது. இனிமேல் ஒரு நிமிடம்கூட அவளை அங்கே விடக்கூடாது.

படியில் தடதடவென்று இறங்கி, வாசலில் ஈரத்துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி பயூமியைப் பிடித்தான்.

“பயூமி அண்ணே, மொட்டை மாடியில லிஃப்டைக் கையால சுத்துற சக்கரம் இருக்குமே?”

“இருக்கு இன்ஜினியர் சார்.”

“அப்புறம் ஏன் நாலு நாளா சுத்தலை?”

“மேடம்தான் வேண்டாம்னாங்க. எட்டு மாடி ஏறினா உங்க முட்டி என்னத்துக்கு ஆகும், உட்காருங்க அண்ணேன்னாங்க.”

அந்த நிலையிலும் அடுத்தவர் முட்டியை நினைக்கிறாள். “முட்டியை நான் டாக்டர்கிட்ட காட்டுறேன். என் மனைவி அங்க செத்துக்கிட்டிருக்கா, வாங்கண்ணே,” என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினான்.

ஐந்தாம் மாடிவரை அவரைத் தாங்கிக்கொண்டு வந்தவன், அங்கேயே நின்றுகொண்டான். பயூமி மாடிக்கு ஒரு தடவை கடவுளை அழைத்துக்கொண்டே மேலே போனார். சிறிது நேரத்தில் உச்சியில் இரும்பு முனகியது. இருட்டுக்குள்ளிருந்து லிஃப்ட் அங்குலம் அங்குலமாக ஏறி வந்தது. ஃபரீதாவும் அத்ஹமும் சொட்டச் சொட்ட அப்பாவின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

“வந்துட்டேன் நக்வா, இனிமே ஒண்ணும் இல்லை,” என்று ரவூஃப் கதவைப் பிடித்து இழுத்தான்.

லிஃப்டின் தரையில் பாய் விரித்திருந்தது. பேட்டரி மின்விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. நக்வா செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஏழாம் மாடி இனாஸ் மேடம், நான்கு பிள்ளைகளுக்குத் தாய், ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள். இருவருக்கும் நடுவில் சூரியகாந்தி விதைத் தோல் ஒரு சிறு குன்றாகக் குவிந்திருந்தது.

“அம்மா, இப்ப என்ன பண்றது?” என்றாள் ஃபரீதா.

நக்வா கணவனைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். கம்பளத்திலிருந்து வழிந்து வாசலைத் தாண்டி வந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டு, தலையை உயர்த்தி மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“பயூமி அண்ணே, மறுபடி பாதியில கொண்டுபோய் நிறுத்துங்க.”