ஏழாம் எண் விண்ணப்பம்

"எடுக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்? என் பொண்ணு வாழ்க்கையைவிட உனக்கு அந்த ஒத்த வரி பெருசாப் போச்சா?"

ஆல்டோ ஆன்ட்டியின் குரல் சபை அலுவலக ஜன்னலைத் தாண்டி, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காவல்காரர் வரை போனது. அவர் குழாயை மூடிவிட்டுக் காதைத் திறந்துகொண்டார்.

பாடகர் குழுவில்தான் அவள் ஆல்டோ, கீழ்க்குரல். சண்டையில் சுத்த சோப்ரானோ, உச்சக்குரல்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் அக்கா கீபோர்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசல் பெட்டியில் விழும் ஜெபச் சீட்டுகளை எடுத்து, எண் போட்டு அடித்து, ஞாயிறு ஆராதனைக்குப் பிரதி எடுத்து வைப்பது அவள் வேலை. புதன் கூட்டத்தில் நாற்பது பேர் அந்தத் தாளை வரி வரியாக வைத்து ஜெபிப்பார்கள்.

சண்டை அதில் ஏழாம் எண்ணைப் பற்றி.

'பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்கு நல்ல துணை அமைய.'

மற்ற எண்கள் வரும், போகும். மூட்டு வலி சரியாகும், விசா கிடைக்கும், சிலர் ஒரேயடியாக இரங்கல் பகுதிக்கு மாறிவிடுவார்கள். ஏழு மட்டும் பதினோரு வருஷமாக இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

சபை சும்மா இருக்குமா. முதலில் ஆர்கன்காரரின் தங்கை என்றார்கள். அவள் கல்யாணமாகிப் போன பிறகும் வரி இருந்தது. அப்புறம் ஞாயிறு பள்ளி டீச்சர் என்றார்கள். அவளும் போனாள், வரி போகவில்லை. கடைசியில் மிஞ்சியது ஆன்ட்டியின் மகள், நர்ஸ். பதினோரு வருஷத்துக்கு முன் அவள் பள்ளிச் சீருடையில் அல்லவா இருந்தாள் என்று கழித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

போன ஞாயிறு, பெண்ணைச் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போக, நர்ஸுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அத்தை ஆராதனைக்கு வந்திருந்தாள். தாளைப் படித்தாள். யார் இது என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அந்தப் புண்ணியவதி வாயைத் திறக்கவே இல்லை. மோவாயை மட்டும் நர்ஸ் பக்கம் நீட்டினாள்.

மறுநாளே மாப்பிள்ளை வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றுவிட்டார்கள்.

"பதினோரு வருஷமா சபையே முட்டி போட்டும் அமையலைன்னா, பொண்ணுகிட்ட என்ன கோளாறுன்னு கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

"கொடுத்தவங்க வந்து வேண்டாம்னாத்தான் எடுக்கலாம், ஆன்ட்டி. பாஸ்டர் போட்ட சட்டம்."

"அப்ப யாருன்னு சொல்லு. நானே போய்க் கால்ல விழறேன்."

திரையில் ஏழாம் வரியின் முடிவில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

ஆன்ட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "இருபத்தொம்பது ஆச்சும்மா அவளுக்கு. இதுவும் தட்டிப் போச்சுன்னா, காலத்துக்கும் தனியாவே நின்னுடுவா. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று ஆன்ட்டிக்கு உறைத்தது போல. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்து பாஸ்டர் தலையை நீட்டினார். என்ன, பாட்டுப் பயிற்சியா என்றார்.

ஆபீஸ் அக்கா எழுந்து நின்றாள். "ஏழாம் நம்பரை எடுத்துடலாம், பாஸ்டர். கொடுத்தவங்க சொல்லிட்டாங்க."

பாஸ்டர் முகம் மலர்ந்தது. விண்ணப்பம் விலகுகிறது என்றால் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் அவருக்கு அர்த்தம். நன்றிப் பகுதியில் போட்டுவிடச் சொன்னார். ஆனால் அதற்கும் முறையாகச் சீட்டு வர வேண்டும், சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டு ஆன்ட்டியைக் கூட்டிக்கொண்டு போனார். காவல்காரரும் குழாயைத் திறந்தார்.

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

பெறுவதற்கு முன்பே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று பாஸ்டர் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார். அப்படியானால் இது பொய்யாகாது. பேனாவை எடுக்க ஆபீஸ் அக்காவுக்கு இவ்வளவு சமாதானம் தேவைப்பட்டது.

ஒரு சீட்டில் எழுதினாள். நான்காக மடித்தாள். வாசல் வரை நடந்து பெட்டியில் போட்டாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்து, அதை எடுத்துக்கொண்டு வந்து அடித்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன், முப்பத்திரண்டு வயதில், இப்படியேதான் போட்டாள். இப்படியேதான் எடுத்தாள்.

புதன்கிழமை நாற்பது பேரும் அந்தச் சகோதரியின் கல்யாணத்துக்காக வாயார நன்றி சொன்னார்கள். ஆபீஸ் அக்காவும் ஆமென் சொன்னாள். இத்தனை நாள் அவளுக்காகக் கேட்பதற்கு நாற்பது பேர் இருந்தார்கள். இனி அவள் ஒருத்திதான். ஒரு குரலாக இருந்தாலும் ஆண்டவர் காதில் விழும் என்று நம்பினாள். நம்பாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது.

அந்தச் சகோதரி வேறு யாரோ என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்ததும், நர்ஸுக்கு இரண்டே மாதத்தில் கல்யாணம் நடந்தது. பந்தியில் ஆன்ட்டி ஆபீஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதாவது சொல், அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளா என்று காதோடு கேட்டாள்.

"இருக்காங்க, ஆன்ட்டி."

நர்ஸ் புருஷனோடு வெளிநாட்டுக்குப் போனாள். பேரன் பிறந்ததும் ஆன்ட்டியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள்.

அதன் பிறகு, அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளா என்று கேட்க அந்தச் சபையில் யாரும் இல்லை.