ஒயர் இல்லாத ஃபேடர்

ஆடி மாதம், இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்தரை மணி. விழாக் கச்சேரிக்கு இன்னும் அரை மணி இருந்தது. மிக்சரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இருபத்து நான்கு ஃபேடர்களில் கடைசி ஒன்றுக்கு மட்டும் ஒயர் கிடையாது. பாடகர்கள் ஓயாமல் “இன்னும் ஏத்துங்க” என்று கேட்டால், ஒலியமைப்பாளர் தேவசகாயம் அதைத்தான் உச்சிவரை தள்ளுவார். அவர்களும் “இப்ப சரியா இருக்கு” என்பார்கள்.

“பன்னிரண்டு வருடமாக ஏறி இறங்குகிறேன், அண்ணா. ஒரு சத்தமும் கேட்டதில்லை. அலுத்துவிட்டது” என்றது கடைசி ஃபேடர்.

“அலுப்பைப் பற்றி நீ பேசாதே. குரலைச் சுமப்பவன் நான்” என்றது ஏழாவது. சற்று நேரத்தில் அது பாதியில் இறுகி நின்றுவிட்டது.

வேறு வழியின்றித் தேவசகாயம் பாடகியின் மைக்கைக் கடைசி ஃபேடரோடு இணைத்தார்.

“அடடா, இதையா இத்தனை நாள் தனியாகக் கேட்டீர்கள்!” என்று முதல் பாட்டிலேயே அது நெகிழ்ந்தது.

இரண்டாவது பாட்டில் பாடகி வேதநாயகி, “சார், இன்னும் கொஞ்சம்” என்றார். பழகிய கை கடைசி ஃபேடரை உச்சிவரை தள்ளியது. ஸ்பீக்கர்கள் ஊளையிட்டன, கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தது.

“இறக்கச் சொல்லுங்கள், அண்ணா!”

“நம் பேச்சு அவருக்கு என்றைக்குக் கேட்டது?”

மறுநாள் தேவசகாயம் அந்த ஒயரைக் கழற்றினார். விழாக் குழுவினர் பேசிய வாடகையில் பாதியை மட்டும் ஆவணி முதல் வெள்ளியன்று கொடுத்தார்கள்.