உள்ளது உள்ளபடி

இணைய ஏலத்தில் தணிகாசலம் எடுத்த ஓவியத்தில், ஜன்னலோரம் நின்ற பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் கேட்டார். பெட்டியைப் பிரித்தால் அதே ஜன்னல், அதே பச்சைப் புடவை. அவள் மட்டும் முதுகைக் காட்டி நின்றாள். ஏல நிறுவனத்துக்குப் போன் செய்தார். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். “முகம் நல்லாத்தானே சார் தெரியுது? உள்ளது உள்ளபடின்னு போட்டுத்தானே வித்தோம்” என்றாள் அங்கே பேசிய பெண். போனில் எடுத்த போட்டோவைப் பார்த்தார். அதில் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் சுவரில் முதுகு. விளக்கைப் போட்டு எடுத்தார், நாற்காலிமேல் ஏறி எடுத்தார். ஒவ்வொரு முறையும் நிறுவனத்துப் பெண் பொறுமையாக அதையே சொன்னாள். சண்டை போடவும் தெம்பில்லாமல் போயிற்று. இப்போதெல்லாம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஓவியத்துக்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுகிறார். காபி கொண்டுவந்த மனைவி வசுமதி அவருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் திரும்பவில்லை. “ஒரு முதுகைப் பாத்ததுக்கே இத்தனை போனா?” என்றாள். “நான் யாருக்குங்க போன் பண்றது?”