பிடரியில் ஒரு தடிப்பு

"சட்டையைக் கழட்டாமலே காட்டுறேனே டாக்டர்" என்று காலரைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான் ஆண்டிச்சாமி.

"கழட்டுங்க மாப்ள! எதையோ ஒளிக்கிறீங்கன்னுதானே இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தேன்" என்றார் ஒச்சப்பன்.

அவர் மகள் ராமுத்தாயை ஆண்டிச்சாமிக்குப் பேசி முடித்திருந்தார்கள். தாம்பூலம் வாங்கக் குனிந்த மாப்பிள்ளையின் பிடரியில் செக்கச்செவேலென்று ஒரு தடிப்பு! பெருநோயாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று பெண் வீட்டில் அன்று ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

திண்டுக்கல் முழுக்க விசாரித்து, தோல் வியாதிக்கென்றே படித்த டாக்டர் பாக்கியராஜைக் கண்டுபிடித்துவிட்டார் ஒச்சப்பன். டாக்டர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிசகினால் கல்யாணம் அம்பேல். ஆண்டிச்சாமிக்கோ ராமுத்தாயை விட மனசே இல்லை, பாவம்.

வேறு வழியில்லாமல் சில்க் சட்டையைக் கழற்றினான். டாக்டர் பஞ்சால் தடிப்பைத் தொட்டார்.

"தெரியுதா?"

"கூசுது டாக்டர்."

"அரிக்குதா?"

"பிச்சுப் பிடுங்குது!"

"அப்பப் பெருநோய் இல்ல. அதுல தொட்டா உணர்ச்சி இருக்காது, அரிக்கவும் செய்யாது. படைன்னா வட்டமா இருக்கும், தேமல்னா வெளுத்துக் கிடக்கும்" என்றபடி சட்டையை வாங்கிக் காலரின் உட்புறத்தைப் பார்த்தார். செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தா இருக்கு. எந்த வீட்டுத் துணின்னு தெரிய வெளுக்கிறவர் சேங்கொட்டை மையில போட்ட குறி. அது பட்டாச் சில பேருக்குத் தோல் வெந்துரும்."

"அம்புட்டுதானா!" ஒச்சப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் இடுப்பைப் பரபரவென்று சொறிந்துகொண்டார். "ஏன் மாப்ள, சில்க் சட்டை போடுற ஆளு, நல்ல சலவைக்காரரா பாக்கக்கூடாதா?"

"யாருகிட்ட வெளுக்கப் போடுறீங்க?" என்றார் டாக்டர்.

"காத்தமுத்துண்ணன்கிட்ட..." ஆண்டிச்சாமியின் குரல் உள்ளே போய்விட்டது.

ஒச்சப்பன் ஏனோ அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பினார். டாக்டர் விடவில்லை. "நீங்களும் சொறியிறீங்களே, காட்டுங்க" என்று அவரையும் பிடித்துக்கொண்டார். அகலச் சரிகை வேட்டியின் மடிப்புக்குக் கீழே அதே தடிப்பு, வேட்டி ஓரத்தில் அதே குறி.

"ரெண்டு பேருக்கும் ஒரே களிம்புதான்."

"கல்யாணத்துக்குத் தடை ஒண்ணும் இல்லையே டாக்டர்?" ஒச்சப்பனின் பேச்சில் பழைய மிடுக்கு இல்லை.

"தடையா? இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் எங்கயும் அமையாது!" என்று மருந்துச் சீட்டை நீட்டிய டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு நான் ஒரு விசேஷத்துக்குப் போகணும், என் சட்டையையும் என் வேட்டியையும் சாயந்தரத்துக்குள்ள காத்தமுத்துகிட்ட திருப்பிக் குடுத்துருங்க."