செய்தி வாசிப்பவர் கன்னத்து மச்சம்

மத்தியான வெயில் பின்பலகை கழற்றிய பெரிய டிவிக்குள் நேராக விழுகிறது. உள்ளே, படத்தைத் திரைக்குத் திருப்பிவிடச் சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் மெக்கானிக்கின் முகமும், அவருக்குப் பின்னால் அக்காவின் முகமும், தம்பியின் வழுக்கையும் தெரிகின்றன. திரையிலிருந்து போக வேண்டியது ஒரே ஒரு புள்ளி. இருபது வருடமாகச் செய்தி வாசித்த அத்தனை பேர் கன்னத்திலும் மச்சம் போல உட்கார்ந்திருந்த புள்ளி. "எண்ணெய்க் கையால தொட்டுத் தொலைச்சிட்டான்" என்று தம்பியைத் திட்டிக்கொண்டே அப்பா ஞாயிறுதோறும் திரையைத் தேய்த்த கீச்சுச் சத்தம் அக்காவின் காதில் இன்னும் இருக்கிறது. "வெளியில தேச்சா எப்படிங்க போகும்? உள்ள கண்ணாடியில யாரோ பெருவிரலை வச்சிருக்காங்க" என்கிறார் மெக்கானிக். தூசிக்கு நடுவே ரேகை வரிவரியாகத் தெரிகிறது; குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பு அப்பாவின் விரலில் இருந்தது. டிவி வந்த முதல் வாரமே, படம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்கப் பலகையைக் கழற்றியவரும் அவர்தான். மெக்கானிக் துணியை எடுக்கிறார். "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று தம்பி அவர் கையைப் பிடிக்கிறான். குனிந்து, வெகுநேரம் பார்க்கிறான். "மாட்டிக்கிட்டாரு பாருக்கா அப்பா" என்று சொல்லிச் சிரிக்கிறான். அப்பா போன பிறகு அவன் சிரித்து அக்கா பார்ப்பது இதுதான் முதல் தடவை.